விரைவின் கணக்கு

உரைநடை உலகம்

நுழையும்முன்

தொலைவைக் காலத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும் என்பது நடுநிலைப் பள்ளியிலேயே நாம் கற்ற பாடம். ஒரே வரியில் முடிந்துவிடும் அவ்வாய்பாடு, நாள்தோறும் சாலையில் செல்லும் நம் உயிரோடு தொடர்புடையது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. விரைவையே தொழிலின் மூச்சாகக் கொண்ட திருப்பூர்ப் பகுதியின் சாலைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வகுத்தலின் உட்பொருளை விளக்குகிறது இப்பாடம்.

விரையும் ஊர்

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர், பின்னலாடைத் தொழிலால் உலகம் அறிந்த நகரம். 2009ஆம் ஆண்டு முதல் அது தனி மாவட்டத்தின் தலைநகரமாகவும் விளங்குகிறது. அங்கு எல்லாவற்றையும் காலத்தால் வகுத்தே அளக்கின்றனர். வட்டப் பின்னல் எந்திரம் நிமிடத்திற்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது, ஓவர்லாக் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர் மணிக்கு எத்தனை உருப்படி தைக்கிறார், ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி கட்டப்படுகிறது என்பனவே அவ்வூரின் அன்றாடக் கேள்விகள். வேலை நாளைக்கூட 'ஒரு ஷிப்டு', 'ஒன்றரை ஷிப்டு' என்று காலத்தின் அளவாகவே தொழிலாளர் குறிப்பிடுகின்றனர்.

இவ்விரைவு தொழிற்கூடத்தின் வாயிலோடு நின்றுவிடுவதில்லை. பல்லடம், அவிநாசி, ஊத்துக்குளி, காங்கேயம் ஆகிய ஊர்களிலிருந்து காலையில் தொழிலாளரை ஏற்றிவரும் வேன்கள், துணியைச் சாயப்பட்டறைக்குக் கொண்டு செல்லும் டெம்போக்கள், தூத்துக்குடித் துறைமுகம் நோக்கிப் புறப்படும் கண்டெய்னர் லாரிகள், இவற்றுக்கிடையே பள்ளிப் பேருந்துகள், கார்கள், இருசக்கர வாகனங்கள் எனச் சாலையெங்கும் விரைவு பரவியிருக்கிறது. இவ்வாறு விரைவோர் அனைவரும் ஒரு கணக்கைச் செய்துகொண்டே செல்கின்றனர். ஆனால், அக்கணக்கை முழுமையாகச் செய்வோர் சிலரே.

சொல்லும் அளவும்

விரைவைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள்ளன. கதழ்வு, துனைவு ஆகிய உரிச்சொற்கள் விரைவு என்னும் பொருளைத் தருவன என்று தொல்காப்பிய உரியியல் கூறுகிறது. கடுகுதல், முடுகுதல், ஒல்லை, வல்லை என்பனவும் விரைவை உணர்த்துவனவே. அறிவியல் தமிழ் இவ்வேர்களிலிருந்தே சொல்லெடுத்தது. வேகம் கூடும் வீதத்தை இன்று 'முடுக்கம்' என்கிறோம்.

சங்கப் பாடல்களில் வினைமுடித்து மீளும் தலைவன், தேரை விரைந்து செலுத்துமாறு பாகனை ஏவுவது மரபு. ஆயினும், அவ்விரைவுக்கு எல்லை ஒன்றையும் அப்பாடல்கள் காட்டுகின்றன. குறுங்குடி மருதனார் பாடிய அகநானூற்றின் 4ஆம் பாடலில், பூத்த சோலையில் துணையோடு தங்கியிருக்கும் வண்டுகள் அஞ்சிக் கலையுமே என்று, தன் தேர்மணியின் நாவைக் கட்டி ஒலி எழாமல் வருகிறான் தலைவன். இல்லம் சேரும் வேட்கை மிக்கவனும், தன் வழியில் இருக்கும் சிற்றுயிரை மறக்கவில்லை.

காலத்தை அளக்கும் கருவியும் நம் முன்னோரிடம் இருந்தது. நப்பூதனாரின் முல்லைப்பாட்டு, பாசறையில் நீர்க்கடிகையைக் கொண்டு பொழுதை அளந்து கூறியவர்களைக் காட்டுகிறது. ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை என்பது இன்றைய 24 நிமிடம். நெடுந்தொலைவைக் காதத்தால் குறித்தனர். தொலைவுக்கு ஓர் அளவும் காலத்திற்கு ஓர் அளவும் அமைந்துவிட்டால், வேகத்தை அளப்பதற்கு வேறு கருவி வேண்டுவதில்லை.

வகுத்தலில் பிறக்கும் வேகம்

வேகம் = தொலைவு ÷ காலம்

இவ்வாய்பாட்டைப் பேருந்தில் அமர்ந்தவாறே சோதித்து அறியலாம். நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு கல் நடப்பட்டிருக்கும். ஒரு கல்லைக் கடக்கும் நொடியில் கடிகாரத்தைப் பார்த்து, அடுத்த கல்லைக் கடக்கும் வரை நொடிகளை எண்ணுக. 3600ஐ அவ்வெண்ணால் வகுத்தால், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் பேருந்து செல்கிறது என்பது விளங்கும். 60 நொடியாயின் மணிக்கு 60 கி.மீ.; 45 நொடியாயின் 80 கி.மீ.; 40 நொடியாயின் 90 கி.மீ.; 36 நொடியாயின் 100 கி.மீ. ஆகும். ஓட்டுநர் இதனைச் செய்தல் கூடாது. பயணியே செய்தல் வேண்டும்.

மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்னும் கணக்கு ஊர்விட்டு ஊர் செல்வதற்கு உதவும். ஆனால், சாலையில் நிகழும் இடர் நொடிக் கணக்கில் நிகழ்வது. ஆதலால், அவ்வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்றி அறிதல் இன்றியமையாதது. மணிக்கு 18 கி.மீ. என்பது நொடிக்கு 5 மீட்டர். எனவே 36 கி.மீ. என்பது 10 மீட்டர், 54 கி.மீ. என்பது 15 மீட்டர், 72 கி.மீ. என்பது 20 மீட்டர், 108 கி.மீ. என்பது 30 மீட்டர் ஆகும். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் செல்பவர் ஒரு நொடி கைப்பேசியை நோக்கினால், 20 மீட்டர் சாலையைக் காணாமலே கடந்துவிடுகிறார்.

தெரியுமா?

விரைவுக்காக அபராதம் பெற்ற முதல் கார் ஓட்டுநர் எனப் பெயர்பெற்றவர், இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்த வால்டர் அர்னால்டு. மணிக்கு 2 மைல் மட்டுமே செல்லத்தக்க பகுதியில் 8 மைல் வேகத்தில் சென்றதற்காக, 1896ஆம் ஆண்டு அவருக்கு ஒரு ஷில்லிங் அபராதம் விதிக்கப்பட்டது. மிதிவண்டியில் துரத்திச் சென்ற காவலர் ஒருவர் அவரைப் பிடித்தார்!

சராசரி சொல்வதும் மறைப்பதும்

சேலம் – கொச்சி தேசிய நெடுஞ்சாலையில், திருப்பூர்ப் பகுதிக்குக் கிழக்கே விஜயமங்கலத்திலும் மேற்கே கணியூரிலும் சுங்கச்சாவடிகள் உள்ளன. கணக்கின் எளிமைக்காக, இவற்றுக்கு இடைப்பட்ட தொலைவை 40 கி.மீ. எனக் கொள்வோம். ஒரு கார் விஜயமங்கலத்தைக் காலை 6.00 மணிக்கும் கணியூரை 6.40 மணிக்கும் கடந்ததாகப் பாஸ்டேக் குறுஞ்செய்திகள் காட்டுகின்றன. 40 கி.மீ. தொலைவை 40 நிமிடத்தில் கடந்தமையால், அதன் சராசரி வேகம் மணிக்கு 60 கி.மீ. ஆகும்.

இப்பயணம் நிதானமானது என்று நாம் முடிவு செய்துவிடலாமா? அக்காரில் வந்தவர்கள் அவிநாசியில் 16 நிமிடம் நின்று தேநீர் அருந்தியிருக்கலாம். அவ்வாறாயின், சக்கரங்கள் சுழன்ற காலம் 24 நிமிடமே. ஓடிய நேரத்தில் அதன் வேகம் மணிக்கு 100 கி.மீ. ஆகிறது. சராசரி என்பது பயணத்தின் முழுக்கதையைச் சொல்வதில்லை; தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே சொல்கிறது.

எனினும், சராசரி பொய் சொல்வதுமில்லை. அதே கார் கணியூரை 6.24 மணிக்கே அடைந்திருந்தால், வழியில் எங்கோ ஓரிடத்திலேனும் அதன் வேகம் மணிக்கு 100 கி.மீ. ஆக இருந்தே தீரும். 100ஐத் தொடாமல் எவராலும் 100ஐச் சராசரியாகப் பெற இயலாது. கணிதத்தில் லெக்ராஞ்சியின் பெயரால் வழங்கும் தேற்றம் இதனை உறுதி செய்கிறது. இத்தாலி நாட்டின் விரைவுச்சாலைகளில் 2005ஆம் ஆண்டு முதல், இரு இடங்களில் வாகனம் கடந்த நேரத்தைக் குறித்து, சராசரி வேகத்தைக் கணித்து அபராதம் விதிக்கின்றனர். கேமரா இருக்கும் இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்துத் தப்பும் வழக்கம் அக்கணக்கின்முன் பயனற்றுப் போகிறது.

சராசரியைக் கணிப்பதில் பலர் தவறுவது ஓரிடத்தில் உண்டு. ஒருவர் 15 கி.மீ. தொலைவிலுள்ள ஊருக்கு மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் சென்று, 60 கி.மீ. வேகத்தில் திரும்புகிறார். சராசரி வேகம் 45 என்று தோன்றும். ஆனால், செல்வதற்கு 30 நிமிடம், திரும்புவதற்கு 15 நிமிடம். ஆக மொத்தம் 30 கி.மீ. தொலைவுக்கு 45 நிமிடம். எனவே சராசரி வேகம் மணிக்கு 40 கி.மீ. மட்டுமே. மெதுவாகச் சென்ற பகுதியே மிகுந்த நேரத்தை எடுத்துக்கொண்டதால், சராசரியும் அதன் பக்கமே சாய்கிறது. வேகங்களைக் கூட்டி இரண்டால் வகுத்தல் பிழை. மொத்தத் தொலைவை மொத்தக் காலத்தால் வகுத்தலே முறை.

கழிந்த காலம் மீளாது

இனி, சற்று வியப்பளிக்கும் கணக்கு ஒன்றைக் காண்போம். 60 கி.மீ. தொலைவை மணிக்கு 60 கி.மீ. சராசரி வேகத்தில் கடக்க வேண்டும் என்று ஒருவர் புறப்படுகிறார். நெரிசலால் முதல் 30 கி.மீ. தொலைவை மணிக்கு 30 கி.மீ. வேகத்திலேயே கடக்க முடிந்தது. திட்டமிட்ட சராசரியை எட்ட, எஞ்சிய 30 கி.மீ. தொலைவை அவர் எவ்வேகத்தில் கடக்க வேண்டும்?

மணிக்கு 90 கி.மீ. என்று விடை கூறத் தோன்றும். ஆனால், முழுப் பயணத்திற்கும் உரிய காலம் ஒரு மணி நேரம். முதற்பாதியிலேயே அந்த ஒரு மணி நேரமும் கழிந்துவிட்டது. இனி எஞ்சியிருக்கும் காலம் சுழியம். மணிக்கு 90 அன்று, 200 கி.மீ. வேகத்தில் பறந்தாலும் அவரால் அச்சராசரியை எட்ட இயலாது. இழந்த காலத்தை வேகத்தால் மீட்கலாம் என்னும் நம்பிக்கையை, எளிய வகுத்தல் கணக்கு ஒன்றே தகர்த்துவிடுகிறது.

பின்னலாடைத் தொழிலில் இக்கணக்கின் பொருளை நன்கு உணரலாம். ஓர் ஏற்றுமதி ஆடை, நூலாகத் தொடங்கிப் பின்னல், சாயமேற்றல், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எனப் பல கைகளைக் கடந்தே பெட்டிக்குள் செல்கிறது. இவற்றுள் ஒன்றில் ஏற்படும் தாமதம் அடுத்ததைத் தாக்குகிறது. சாயம் ஒத்துவராமல் துணி ஒரு நாள் தங்கிவிட்டால், தையற்கூடம் இரவிலும் இயங்க நேரிடுகிறது. கப்பலில் சரக்கேற்றும் இறுதி நேரமோ மாறுவதில்லை. அதனைத் தவறவிட்டால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டிவரும், செலவு பன்மடங்காகும். ஆதலால், எல்லாருடைய தாமதமும் சேர்ந்து இறுதியாக ஒருவர் தோளில் வந்து இறங்குகிறது. அவர், லாரியின் ஓட்டுநர்.

திருப்பூரிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் 320 கி.மீ. தொலைவில் உள்ளது எனக் கணக்கிற்காகக் கொள்வோம். ஊர்களையும் சுங்கச்சாவடிகளையும் கடந்து மணிக்கு 40 கி.மீ. சராசரியில் செல்லும் லாரி 8 மணி நேரத்தில் சென்று சேரும். ஓட்டுநர் தம்மை வருத்திச் சராசரியை 50 ஆக உயர்த்தினாலும் பயணநேரம் 6 மணி 24 நிமிடம் ஆகும். ஈட்டியது 1 மணி 36 நிமிடம். தொழிற்கூடத்தில் இழந்த ஒரு நாளை இந்த 96 நிமிடத்தால் ஈடுசெய்ய முடியுமா? ஓட்டுநர் உறக்கத்தை இழந்ததும் உயிரைப் பணயம் வைத்ததுமே மிச்சம்.

வேகம் கூடக்கூட, அதனால் ஈட்டும் நேரம் குறைந்துகொண்டே செல்வதையும் கருதுதல் வேண்டும். 40 கி.மீ. தொலைவைக் கடக்க மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 40 நிமிடமும், 80 கி.மீ. வேகத்தில் 30 நிமிடமும், 100 கி.மீ. வேகத்தில் 24 நிமிடமும், 120 கி.மீ. வேகத்தில் 20 நிமிடமும் ஆகின்றன. ஒவ்வொரு முறையும் கூட்டியது அதே 20 கி.மீ. வேகம்தான். ஈட்டியதோ முதலில் 10 நிமிடம், அடுத்து 6 நிமிடம், பின்னர் 4 நிமிடம். வரவு இவ்வாறு சுருங்கச் செலவு எவ்வாறு பெருகுகிறது என்பதை அடுத்துக் காண்போம்.

தெரிந்து தெளிவோம்

கோவையின் அறிவியல் மேதை ஜி.டி. நாயுடு, 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டுநராக இருந்து பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கினார். இன்றைய திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த உடுமலைப்பேட்டை அவ்வழித்தடத்தில் அமைந்துள்ளது. பேருந்தின் கால அட்டவணை ஒவ்வொன்றும் தொலைவையும் காலத்தையும் கொண்டு முன்கூட்டியே செய்து வைத்த வேகக் கணக்கே ஆகும்.

நிற்பதற்கு வேண்டும் தொலைவு

வாகனத்தின் ஆற்றலை அதன் ஓட்டத்தைக் கொண்டு மதிப்பிடுகிறோம். பாதுகாப்பையோ அது நிற்கும் திறனைக் கொண்டே மதிப்பிடுதல் வேண்டும். தடையொன்றைக் கண்ட கண், மூளைக்கு உணர்த்தி, கால் பிரேக்கை அழுத்துவதற்கு ஏறத்தாழ ஒரு நொடி ஆகிறது எனக் கொள்வோம். அந்த ஒரு நொடியில் வாகனம் வேகம் குறையாமலே ஓடும். இதனை எதிர்வினைத் தொலைவு எனலாம். அதன் பின்னரே பிரேக் பிடித்து, வேகம் படிப்படியாகக் குறைந்து வாகனம் நிற்கிறது. இவ்வாறு ஓடும் தொலைவு தடுப்புத் தொலைவு ஆகும். ஒவ்வொரு நொடியிலும் வேகம் நொடிக்கு 5 மீட்டர் வீதம் குறைவதாகக் கொண்டால் கிடைக்கும் அளவுகள் வருமாறு:

மணிக்கு 36 கி.மீ.: எதிர்வினைத் தொலைவு 10 மீ., தடுப்புத் தொலைவு 10 மீ., மொத்தம் 20 மீ.
மணிக்கு 54 கி.மீ.: எதிர்வினைத் தொலைவு 15 மீ., தடுப்புத் தொலைவு 22.5 மீ., மொத்தம் 37.5 மீ.
மணிக்கு 72 கி.மீ.: எதிர்வினைத் தொலைவு 20 மீ., தடுப்புத் தொலைவு 40 மீ., மொத்தம் 60 மீ.
மணிக்கு 108 கி.மீ.: எதிர்வினைத் தொலைவு 30 மீ., தடுப்புத் தொலைவு 90 மீ., மொத்தம் 120 மீ.

உலர்ந்த சாலையில் நல்ல நிலையிலுள்ள கார் இதனினும் குறைந்த தொலைவில் நிற்கக்கூடும். மழையில் நனைந்த சாலையிலும், டயர் தேய்ந்த வண்டியிலும், பாரமேற்றிய லாரியிலும் தொலைவு இதனினும் மிகும். எவ்வாறாயினும், ஒன்று மாறாது. வேகம் இருமடங்கானால் தடுப்புத் தொலைவு நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். 36, 72, 108 கி.மீ. வேகங்களுக்கு உரிய தடுப்புத் தொலைவுகளாகிய 10, 40, 90 மீட்டர் என்பன இதனையே காட்டுகின்றன. வேகத்தின் இருமடிக்கு ஏற்ப இயக்க ஆற்றல் பெருகுவதே இதற்குக் காரணம்.

இக்கணக்கினுள் மறைந்திருக்கும் உண்மை ஒன்றைக் காண்போம். ஊர்ப்புறச் சாலையில் இரண்டு கார்கள் அடுத்தடுத்த தடங்களில் சமமாகச் செல்கின்றன. ஒன்றின் வேகம் மணிக்கு 54 கி.மீ.; மற்றதன் வேகம் 72 கி.மீ. இரண்டும் ஒரே கோட்டில் இருக்கும் நொடியில், 37.5 மீட்டருக்கு அப்பால் பள்ளிச் சிறுவன் ஒருவன் சாலையின் குறுக்கே வந்துவிடுகிறான். இரு ஓட்டுநர்களும் ஒரே நொடியில் அவனைக் காண்கின்றனர். ஒரே நேரத்தில் பிரேக்கை அழுத்துகின்றனர்.

முதல் கார் சிறுவனுக்கு முன்பாகச் சரியாக நின்றுவிடுகிறது. இரண்டாம் கார் எதிர்வினை நொடியிலேயே 20 மீட்டரைக் கடந்துவிடும். எஞ்சியிருப்பது 17.5 மீட்டர். அத்தொலைவில் அதன் வேகம் எவ்வளவு குறையும்? நொடிக்கு 20 மீட்டர் என்னும் வேகத்தின் இருமடி 400. அதிலிருந்து, 2 × 5 × 17.5 ஆகிய 175ஐக் கழித்தால் எஞ்சுவது 225. அதன் வர்க்கமூலம் 15. நொடிக்கு 15 மீட்டர் என்பது மணிக்கு 54 கி.மீ. அதாவது, முதல் கார் முற்றிலும் நின்றுவிட்ட அதே இடத்தில், இரண்டாம் கார் மணிக்கு 54 கி.மீ. வேகத்தோடு சிறுவன்மீது மோதுகிறது.

இரு வேகங்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு மணிக்கு 18 கி.மீ. மட்டுமே. 9 கி.மீ. பயணத்தில் முதல் காருக்கு 10 நிமிடமும் இரண்டாம் காருக்கு ஏழரை நிமிடமும் ஆகும். ஈட்ட நினைத்தது இரண்டரை நிமிடம்; அதன் விலை ஓர் உயிர்.

எதிரெதிர் வருவோர்

கி.பி. 499இல் இயற்றப்பட்ட ஆரியபட்டீயம், இயங்கும் இரு பொருள்கள் சந்திக்கும் காலத்தைக் காண விதி ஒன்றைத் தருகிறது. அவை எதிரெதிர்த் திசையில் வருமாயின், இடைத்தொலைவை வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரே திசையில் செல்லுமாயின், வேகங்களின் வேறுபாட்டால் வகுக்க வேண்டும். வானத்துக் கோள்களின் இயக்கத்தை ஆராய்ந்த அறிஞர் வகுத்த அவ்விதி, நம் இருவழிச் சாலைகளுக்கும் பொருந்துகிறது.

தாராபுரம் சாலை போன்ற ஓர் இருவழிச் சாலையில் கண்டெய்னர் லாரி ஒன்று நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதனை ஒரு கார் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் முந்த முயல்கிறது. லாரியின் நீளத்தோடு முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளியையும் சேர்த்து, கார் 50 மீட்டர் கூடுதலாகச் செல்ல வேண்டும் எனக் கொள்வோம். வேகங்களின் வேறுபாடு நொடிக்கு 5 மீட்டரே ஆதலால், முந்துவதற்கு 10 நொடி ஆகும். அந்த 10 நொடியில் கார் 200 மீட்டர் செல்லும். எதிரே அதே வேகத்தில் மற்றொரு கார் வருமாயின் அதுவும் 200 மீட்டர் வந்துவிடும். ஆகவே, முந்தத் தொடங்கும்போது எதிரே குறைந்தது 400 மீட்டர் சாலை வெறுமையாக இருத்தல் வேண்டும். வளைவிலும் மேட்டிலும் அத்தொலைவு கண்ணுக்குப் புலப்படாது. புலப்படாத இடத்தில் முந்துபவர், கணக்கைச் செய்யாமல் விடையை மட்டும் ஊகிக்கிறார்.

நடுத்திட்டு அமைந்த நான்குவழிச் சாலைகள் இவ்வாபத்தைப் பெரிதும் குறைக்கின்றன. எனினும் முற்றிலும் நீக்கிவிடுவதில்லை. 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் அதிகாலையில், அவிநாசிக்கு அருகே சேலம் – கொச்சி நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி ஒன்று நடுத்திட்டைக் கடந்து, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் நோக்கிச் சென்றுகொண்டிருந்த கேரள அரசுப் பேருந்தின்மீது மோதியது. பேருந்தில் இருந்தவர்களில் 19 பேர் உயிரிழந்தனர். அன்று வீட்டை நோக்கிப் பயணம் செய்தவர்கள் பலர் வீடு போய்ச் சேரவில்லை. நாம் சராசரிக் கணக்குக்கு எடுத்துக்கொண்ட இரு சுங்கச்சாவடிகளுக்கு இடையில்தான் அவ்விடம் உள்ளது.

எண்கள் உணர்த்துவன

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் பத்தில் ஏழு பேருக்கு மேற்பட்டோர் மிகை வேகத்தோடு தொடர்புடைய விபத்துகளில் இறந்தவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் இறந்தோர் 17,884 பேர். அதாவது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 49 பேர். சராசரி வேகம் 1 விழுக்காடு உயர்ந்தால், உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு 4 விழுக்காடு உயர்கிறது என உலக நலவாழ்வு நிறுவனம் குறிப்பிடுகிறது.

விபத்து நேர்ந்தபின் காலமே மருந்தாகிறது. சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரத்தில் கட்டணமின்றி மருத்துவம் அளிக்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்னும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் தொடங்கியது. விபத்துக்குப் பின் ஒவ்வொரு நிமிடமும் அரிது என்பதை உணர்ந்த நாம், விபத்துக்கு முன் சில நிமிடங்களை விட்டுக்கொடுக்கத் தயங்குவது முரணன்றோ?

ஆணையிடுவோர் பொறுப்பு

விரைவுக்கு ஓட்டுநரை மட்டும் குறைகூறுதல் நம் வழக்கம். சட்டம் அவ்வாறு கருதவில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், வரம்பை மீறி வாகனத்தை ஓட்டுபவரோடு, அவ்வாறு ஓட்டச் செய்பவரையும் குற்றத்திற்கு உள்ளாக்குகிறது. அச்சட்டத்தின் 183ஆவது பிரிவு மேலும் ஒரு படி செல்கிறது. ஒரு பயணத்தை இத்தனை நேரத்தில் முடிக்க வேண்டும் என்று ஒருவர் கால அட்டவணை வெளியிட்டாலோ ஆணையிட்டாலோ, வேக வரம்பை மீறாமல் அந்நேரத்தில் அப்பயணத்தை முடிக்க இயலாது என நீதிமன்றம் கருதுமாயின், அந்த அட்டவணையும் ஆணையுமே அவர் குற்றம் செய்ததற்கு முதல்நோக்குச் சான்றாகும்.

இங்கு நீதிமன்றம் செய்வதும் நாம் செய்த அதே வகுத்தல்தான். "தூத்துக்குடிக்கு நான்கு மணி நேரத்தில் போய்ச் சேர்" என்று ஒருவர் ஏவினால், 320ஐ 4ஆல் வகுத்து மணிக்கு 80 கி.மீ. என்று விடை காணலாம். சராசரி 80 வரவேண்டுமாயின், ஊர்களிலும் சுங்கச்சாவடிகளிலும் இழக்கும் நேரத்தை ஈடுசெய்யப் பல இடங்களில் 80ஐ மிஞ்சிப் பாய வேண்டியிருக்கும். ஆணையிட்டவர் வேகத்தைக் குறிப்பிடவில்லை. நேரத்தை மட்டுமே குறிப்பிட்டார். எனினும், தொலைவு அறிந்த இடத்தில் நேரத்தைக் குறிப்பதும் வேகத்தைக் குறிப்பதும் ஒன்றே.

இவ்வுண்மை தொழிற்கூடத்திற்கு மட்டும் உரியதன்று. "பத்து நிமிடத்தில் வந்துவிடு" என்று வண்டியில் வருபவரைக் கைப்பேசியில் அழைக்கும் தாயும், மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வீட்டைவிட்டுப் புறப்படும் மாணவரும், முன்பதிவு செய்த பேருந்தைப் பிடிக்க ஆட்டோ ஓட்டுநரை விரட்டும் பயணியும் அறியாமலே ஒரு வேகத்தை ஆணையிடுகின்றனர்.

நிமிடங்களைத் தேடும் இடம்

தொலைவு, காலம், வேகம் ஆகிய மூன்றனுள் தொலைவை நாம் மாற்ற இயலாது. வேகத்தைக் கூட்டினால் ஈட்டும் நேரம் சிறிது. ஏற்கும் இடர் பெரிது. ஆகவே, நம் கையில் எஞ்சியிருப்பது காலம் ஒன்றே. அதனைச் சாலையில் தேடுதல் வீண். புறப்படும் இடத்தில் தேடுதலே அறிவுடைமை. பத்து நிமிடம் முன்னதாகப் புறப்பட்டவர் ஈட்டும் நேரத்தை, 40 கி.மீ. சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்ல வேண்டியவர் 80 கி.மீ. வேகத்தில் பாய்ந்தே பெற முடியும். முன்னவர் அதற்காக இழந்தது ஏதுமில்லை. சாயப்பட்டறையிலும் தையற்கூடத்திலும் திட்டமிட்டுச் சேமிக்கும் ஒரு நாள், நெடுஞ்சாலையில் ஓட்டுநர் ஒருவரின் இரவு உறக்கத்தைக் காக்கிறது.

வேகமானியின் முள் காட்டும் எண்ணை ஓட்டுநர் காண்கிறார். அவ்வெண்ணைப் பிறப்பிக்கும் தொலைவையும் காலத்தையும் வகுப்பவர்களோ நாம் அனைவரும். வண்டுகளுக்காகத் தேர்மணியின் நாவைக் கட்டியவனைப் போற்றும் இலக்கியத்தைப் பெற்ற நாம், சாலையைக் கடக்கும் சிறுவனுக்காக இரண்டரை நிமிடத்தை விட்டுக்கொடுத்தல் அரிதன்று.

கற்பவை கற்றபின்

1. பேருந்திலோ தொடர்வண்டியிலோ பயணம் செய்யும்போது, கிலோமீட்டர் கற்களுக்கு இடைப்பட்ட நொடிகளை ஐந்து முறை குறித்து, ஒவ்வொரு முறையும் வேகத்தைக் கணக்கிடுக. அவற்றையும் முழுப் பயணத்தின் சராசரி வேகத்தையும் ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாடுக.

2. உங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில், முந்துவதற்குப் போதிய தொலைவு கண்ணுக்குப் புலப்படாத இடங்களைக் குறித்து வரைபடம் ஒன்று உருவாக்குக.

3. உங்கள் பகுதியில் வேன் அல்லது லாரி ஓட்டும் ஒருவரிடம், விரைந்து செல்ல வேண்டிய கட்டாயம் எவ்வாறு ஏற்படுகிறது என்பதைக் கேட்டறிந்து நேர்காணலாக எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லை அடையப் பேருந்துக்கு 40 நொடி ஆயின், அதன் வேகம்
அ) மணிக்கு 60 கி.மீ. ஆ) மணிக்கு 80 கி.மீ. இ) மணிக்கு 90 கி.மீ. ஈ) மணிக்கு 100 கி.மீ.

2. கதழ்வு, துனைவு ஆகிய சொற்கள் உணர்த்தும் பொருள்
அ) அச்சம் ஆ) விரைவு இ) பெருமை ஈ) நிறைவு

3. வேகம் மும்மடங்கானால் தடுப்புத் தொலைவு
அ) மும்மடங்காகும் ஆ) ஆறு மடங்காகும் இ) ஒன்பது மடங்காகும் ஈ) மாறாது

குறுவினா

1. சராசரி வேகத்தைக் கணிக்க, இரு வேகங்களைக் கூட்டி இரண்டால் வகுத்தல் ஏன் பிழையாகும்?
2. எதிர்வினைத் தொலைவு, தடுப்புத் தொலைவு வேறுபடுத்துக.
3. எதிரெதிர் வரும் பொருள்கள் சந்திக்கும் காலம் குறித்து ஆரியபட்டீயம் கூறும் விதி யாது?

சிறுவினா

1. 'இழந்த காலத்தை வேகத்தால் மீட்க இயலாது' என்பதைக் கணக்குடன் விளக்குக.
2. சராசரி வேகம் சொல்வதையும் மறைப்பதையும் சுங்கச்சாவடி எடுத்துக்காட்டின்வழி எழுதுக.

நெடுவினா

1. சாலையில் நிகழும் மிகை வேகத்திற்கு ஓட்டுநர் மட்டுமே பொறுப்பாவாரா? பாடக்கருத்துகளையும் உங்கள் பகுதியின் சூழலையும் கொண்டு கட்டுரைக்க.